எழுநூற்றிருபது கிலோசைக்கிள்

இன்று கல்லூரியிலிருந்து கொண்டுவந்த இண்டர்மீடியட் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மெகாசைக்கிளைக் கிலோசைக்கிளாக மாற்றும் கணக்கில் ஒரு பெண், மெகா என்றால் ஒரு லட்சம் என்று எடுத்திருந்தாள். அதைச் சுழிக்கப் போன பேனா அப்படியே நின்றுவிட்டது. தாள்களைக் கட்டி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

பி.எஸ்.சி. படித்த நாட்களில் சோதனைச்சாலையில் நம் இருவருக்கும் ஒரே மேசை. ஊசல் போய்வர இரண்டு நொடி. அதன் அதிர்வு நொடிக்கு அரை சைக்கிள். இசைக்கவை நொடிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. வானொலி அலையோ பல லட்சம். இவ்வளவு விலகிக் கிடப்பவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவரும்போது எனக்குக் கை தடுமாறும். கிலோ ஆயிரம் என்றால், அடுத்த பெரிய எண்ணான மெகா லட்சமாகத்தான் இருக்கும் என்று மனம் தானாக ஓடிவிடும். என் வீட்டில் எண்ணிப் பழகிய வரிசை அதுதான்.

நீ எட்டிப் பார்த்து, "ஏட்டி, மெகான்னா லெச்சம் இல்ல, பத்து லெச்சம். எத்தன தடவ சொல்ல?" என்று என் பென்சிலைப் பிடுங்கி, விட்டுப்போன சைபரை நீயே போடுவாய். வகுப்பில் எனக்கு எழும் சந்தேகங்களையும் உன்னுடையவை போல நீதான் எழுந்து கேட்பாய். இரண்டு வருஷமும் நான் வாய் திறக்காமலே தேறினேன்.

பிறகு நீ கல்யாணமாகிக் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாய். ஒரு கிறிஸ்துமஸ் மாதம் உன் கடிதம் வந்தது. கொழும்பிலிருந்து வானொலியில் கீர்த்தனை பாடப் போகிறாய். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம். சிற்றலையில் ஏழு புள்ளி இரண்டு மெகாசைக்கிள். உன் அம்மையைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொல்லியிருந்தாய். அம்மைக்குக் கால் வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. "நீ போயி கேட்டுட்டு வந்து சொல்லு மக்கா, அது போதும்" என்றாள்.

அப்போது நம் அஞ்சுகிராமத்தில் ரேடியோ இருந்தது கருப்பட்டி வியாபாரி வீட்டில். அந்தப் பெட்டியில் எண்கள் எல்லாம் கிலோசைக்கிள். அவர் கேட்டபடி நான் மாற்றி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: 720. ஆறு மணிக்கு அவர் அந்த எண்ணில் முள்ளை நிறுத்தினார். இரைச்சல்தான் வந்தது. எண் சரிதானா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"பி.எஸ்.சி. படிச்ச பிள்ளைக்குத் தெரியாதா? ஒம்ம பெட்டிதான் கெழடு" என்றார் உன் பாட்டைக் கேட்கக் கூடியிருந்தவர்களில் ஒருவர்.

"பெட்டி கெழடுதான். உமக்குக் காது கேக்குதான்னு மொதல்ல பாரும்" என்றார் வியாபாரி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மடியில் வைத்திருந்த உன் கடிதத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஏழு புள்ளி இரண்டு மெகா என்றால் எழுபத்திரண்டு லட்சம். நான் ஏழு லட்சத்து இருபதாயிரம் என்று போட்டிருந்தேன். ஏழாயிரத்து இருநூறு கிலோசைக்கிள் என்று எழுதியிருக்க வேண்டும். அது இந்த மத்திய அலையிலேயே இல்லை; பக்கத்துத் திருகைச் சிற்றலைக்குத் திருப்பினால்தான் வரும்.

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. எழுந்து, தப்பாப் போட்டுட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அத்தனை ஆண்களுக்கு நடுவில், பி.எஸ்.சி. படித்த பிள்ளை என்று அப்போதுதான் சொல்லிச் சிரித்தவர்களுக்கு நடுவில், நான் கடிதத்தை மடித்து முந்தானைக்குள் செருகினேன். எனக்காக எழுந்து பேச நீயும் இல்லை. ஏழு நிமிஷமும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நீ எங்கோ பாடிக்கொண்டிருந்தாய்.

அம்மை விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள். பாடினாளா என்று கேட்டாள். "பாடினா அம்மை, தெளிவாக் கேட்டுது" என்றேன். "கேட்டியா?" என்ற ஒரே வார்த்தையோடு அடுத்த வாரம் உன் தபால் அட்டை வந்தது. உனக்கும் அதையே எழுதினேன். நேரில் வரும்போது உண்மையைச் சொல்லி, உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்று மாதத்தில் காய்ச்சல் என்று தந்தி வந்தது. மறுநாளே இன்னொன்றும் வந்தது. உன்னை அங்கேயே அடக்கம் செய்தார்கள். அம்மையால் போக முடியவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அம்மை என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஒருக்கா சொல்லு மக்கா, எப்படிப் பாடினா?" நான் சொல்கிறேன். போன வாரம், எங்கேயாவது தடுமாறினாளா என்று கேட்டாள். மூன்றாம் சரணத்தில் மூச்சு வாங்கிவிட்டதாக நீ கடைசியாக எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன். அம்மை கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, மேல போனா அவளுக்கு மூச்சு முட்டும்" என்று சிரித்தாள். இனி அவளிடம் உண்மையைச் சொல்ல வழியில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் கேட்கவில்லை. எனக்குள் இருப்பது அந்த இரைச்சல் ஒன்றுதான். அதற்குள் நீ இருந்தாயா என்று இப்போதும் உற்றுக் கேட்கிறேன். ஊரில் உன் பேச்சு வரும்போதெல்லாம், உன் குரலைக் கடைசியாகக் கேட்டவள் என்று என்னைத்தான் காட்டுகிறார்கள்.