மகள் கடன்பட்டு அனுப்பிய காசை வருமானமாகக் கணிக்க வேண்டாமெனக் கோரல்

அனுப்புநர்:
திருமதி மெற்றில்டா பத்திநாதன்,
கடற்கரை வீதி,
வங்காலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: வீட்டுத் திருத்த உதவி மறுக்கப்பட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் பாரிசவாதத்தில் விழுந்தபின் கடலுக்குப் போவதில்லை. புயலில் போன கூரைக்காக உதவி கோரியிருந்தேன். கடந்த மாதம் பாடசாலை மண்டபத்தில் நடந்த விசாரணையில் உத்தியோகத்தர், "மகள் கனடாவில, உங்களுக்கென்ன குறை?" என்று ஒலிவாங்கியில் கேட்டார். இருந்தவர்கள் சிரித்தார்கள்.

2. என் மகள் ஜெனிற்றா இங்கே விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவள். அங்கே அவளுடைய சான்றிதழ் செல்லவில்லை. முதல் வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினாள். இப்போது பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சம்பளம் கூடியிருப்பது உண்மை. ஆயினும் அறை வாடகையும் பயணக் கடனும் போக, ஆசிரியையாக இருந்தபோது என் கையில் தந்ததைக்கூட அவளால் அனுப்ப முடிவதில்லை. கனடாக் காசை எல்லோரும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறார்கள். அங்கத்தைய வாடகையை ஒருவரும் பெருக்குவதில்லை.

3. இதை அந்த விசாரணையில் சொன்னபோது ஆதாரம் கேட்கப்பட்டது. என்னிடம் இருந்தது மகளின் குரல் பதிவு மட்டுமே. போனில் அதைப் போட்டேன். உத்தியோகத்தர் ஒலிவாங்கியை அருகே பிடித்தார். "அம்மா, இந்த மாதமும் அனுப்ப ஏலாமக் கிடக்கு. நான் கோப்பை கழுவினதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." அவளிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் முன்வரிசையில் இருந்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். உதவி கிடைத்துவிடும் என்ற எண்ணத்தில் முடியும்வரை ஓடவிட்டேன்.

4. செய்தி அன்றே கனடாவுக்குப் போய்விட்டது. ஜெனிற்றா என்னைக் கோபிக்கவில்லை. "கூரையைப் போடுங்கோ அம்மா" என்று மட்டும் சொல்லி, யாரிடமோ கைமாற்று வாங்கிக் காசு அனுப்பினாள். அதன்பின் அவள் கதைக்கவில்லை. மறைக்க மனமில்லாமல் அந்தக் காசைப் பற்றி நானே செயலகக் கந்தோரில் தெரிவித்தேன். அதையே காரணம் காட்டி, "வெளிநாட்டு வருமானம் உண்டு" என்று என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

5. ஐயா, வெட்கத்தில் உதவியே வேண்டாம் என்று எழுதிவிட ஆசைதான். மழை தொடங்கினால் என் கணவரைக் கட்டிலோடு எங்கே நகர்த்துவது என்று தெரியாததால் எழுதமுடியவில்லை. அந்தக் காசைத் தொடவில்லை. திருப்பி அனுப்பவே வைத்திருக்கிறேன்.

ஆகவே அதை வருமானமாகக் கணிக்காமல் என் விண்ணப்பத்தை மீளப் பரிசீலிக்குமாறும், இனிமேல் இவ்வாறான விசாரணைகளை ஒலிவாங்கியின்றித் தனியறையில் நடத்துமாறும் தயவாய் வேண்டுகிறேன். தங்கள் பதில் வந்தால்தான் என் மகளை அழைக்க எனக்கு முகம் உண்டு.

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
மெ. பத்திநாதன்

வங்காலை
18.09.2025