அம்மா இல்லை என்று சொன்னாய்

அண்ணா,

நாம் பிழைக்க வந்த இந்த ஊர் லேபில் இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் அச்சடிக்கிறார்கள். ஆஸ்திரேலியா ஆன்டிஜென். எதிரே, தடித்த எழுத்தில், பாசிட்டிவ். ஹடப்சர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி படித்தேன். இந்த முறை தாளில் என் பெயர்.

உன் தாளைப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. போசரியில் உன் கம்பெனி ரத்ததான முகாம் நடத்தியபோது கொடுத்த ரத்தம். கூப்பிட்டு அனுப்பி, மறுபடி பரிசோதித்து, தாளைக் கையில் கொடுத்தார்கள். நம் கசார்வாடி அறையில், எவ்வளவு தேய்த்தாலும் மெஷின் எண்ணெய் போகாத விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாய்.

"ஏண்டா, நான் நாசிக்கையே தாண்டுனதில்ல. ஆஸ்திரேலியாவுல இருந்து எப்படிடா வந்துச்சு?"

சிரித்தோம். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அடையாளம் என்று இருவருக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்தது காமாலை. கண் மஞ்சளாகும். கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும். உன் கண் வெள்ளையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக ஹிந்தியில் சொன்னார். கண் மஞ்சளாகாமலே வருடக்கணக்கில் ஈரலில் இருக்கும். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. ரத்தத்தால் வரும், தாயிடமிருந்து பிறக்கும்போது வரும். அடியோடு விரட்டுவது கடினம், அடக்கி வைக்கலாம். உன் ஈரலில் சேதம் தொடங்கிவிட்டதால் தினம் ஒரு மாத்திரை. நீயாக நிறுத்தவே கூடாது.

பிறகு அம்மாவுக்குப் பரிசோதித்தாயிற்றா என்று கேட்டார். "மா கா டெஸ்ட் ஹுவா?"

நீ கொஞ்சமும் தயங்கவில்லை. "மா நஹீ ஹை."

அம்மா இல்லை. அவர் வருத்தம் தெரிவித்தார். நீ தலையசைத்து ஏற்றுக்கொண்டாய்.

மாடிப்படியில் உன் சட்டையைப் பிடித்தேன். "என்னண்ணா இது? அம்மா இந்நேரம் திருப்பூர்ல பனியனுக்குப் பிசிறு வெட்டிட்டு இருக்கும். அதைப் போய் இல்லைங்கற?"

"பின்ன? பெத்தப்பவே நீதான் குடுத்தேன்னு அதுகிட்டப் போய்ச் சொல்லோணுமா? விடு. நீயும் ஒருக்கா பாத்துருடா."

"என்ற கண்ணு வெள்ளையாத்தான் இருக்குது."

"அட லூசு. என்றதும் அப்படித்தாண்டா இருக்குது."

நான் பார்க்கவில்லை.

இரண்டு வருடம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். சவர பிளேடு மட்டும் தனி. ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் மாத்திரை. ஒரு நாள்கூட நீ தவறியதாக நினைவில்லை, வீடு கட்ட ஊருக்குப் போன அந்த இரண்டு மாதம் தவிர. துவைக்கத் துணி இருக்கிறதா என்று அம்மா பையைத் துழாவுவாள். அதற்குப் பயந்து டப்பாவை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய். அலமாரியில் பார்த்ததும் போன் செய்தேன்.

"வந்து போட்டுக்கறேன்டா. ரெண்டு மாசத்துல என்ன ஆயிரப் போகுது?"

சரி என்றேன். கூரியர் கடை நம் தெருவிலேயே இருந்தது.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் உன் கண் மஞ்சளாகிவிட்டது. நமக்குத் தெரிந்த மஞ்சள். அம்மாவிடம் காமாலை என்று மட்டும் சொன்னேன். ஈரத்துணியில் கீழாநெல்லி சுற்றிக்கொண்டு ரயிலேறி வந்தாள். வார்டில் அதே டாக்டரம்மா. இவர் யார் என்று என்னைக் கேட்டார்.

"மௌசி," என்றேன். சித்தி.

அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று புரிந்து, அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். நீ கண்ணைத் திறந்திருந்தாய். கேட்டிருப்பாய். ஆறாவது நாள் போய்விட்டாய்.

அதன் பிறகும் நான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு வருடம் ஆயிற்று. ஏன் என்று கேட்காதே. அறையை மாற்றிக்கொண்டேன். இங்கே யாருடனும் தமிழில் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடனும் எந்த மொழியிலும் பேசுவதில்லை.

இன்று புது டாக்டரிடம் தாளைக் காட்டினேன். இளைஞர். மாத்திரை இப்போதே வேண்டுமா என்பதை இன்னும் இரண்டு பரிசோதனைக்குப் பிறகு சொல்கிறேன் என்றார். பிறகு அதே கேள்வி. அம்மாவுக்குப் பார்த்தீர்களா?

உன் பதில் நாக்கு நுனியில் நின்றது. அது எவ்வளவு வசதியான பதில் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அம்மாவுக்கும் ஈரல் இருக்கிறது, அண்ணா. அதை நாம் இருவரும் யோசிக்கவே இல்லை.

"மா ஹை," என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"சாப்டியா கண்ணு?"

"அம்மா, நீ ரத்தம் குடுத்து ஒரு டெஸ்ட் பாக்கோணும்."

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கறேன்."

சொன்னேன். எனக்கு இருப்பதை. உன்னைக் கொண்டுபோனது வெறும் காமாலை இல்லை என்பதை. பிறக்கும்போதே வந்திருக்கலாம், அது யார் தப்பும் இல்லை என்பதை. அழுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"அத்தனையும் ஒத்தையாவா வெச்சுட்டு இருந்தான்?"

தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் குற்ற உணர்விலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தாயோ, அந்த இடத்தில் அவள் நிற்கவே இல்லை.

நான் கூட இருந்தேனே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கம்பெனியில் மணி அடித்தது. வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். டிக்கெட் போட்டுவிட்டேன்.

அவள் மறுபடி கேட்பாள். இரண்டு வருடம் உனக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவன் நான். அது கூட இருந்ததாகுமா, அண்ணா?