காரில் நீ கேட்டது

துத்திப்பட்டு,
ஆம்பூர்.
திங்கட்கிழமை, 6ஆம் தேதி

அன்பு மகள் ஜீவாவுக்கு நைனா ஆதிகேசவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம். உன் சுகத்தை டி.வி.யில் பார்த்தேன். அது எனக்குப் போதவில்லை.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னித்துவிடு. தாள் கோடு போட்டதுதான். ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்காமல் மேலே ஏறுகிறது, இழுத்துக் கீழே கொண்டுவந்தால் அடுத்த வரியில் இடிக்கிறது. ‘ழ’ போடும்போது கை நின்று நின்று போகிறது. ‘ஜீ’ மட்டும் நன்றாக வருகிறது. முதியோர் எழுத்து வகுப்பில் உன் பெயரைத்தான் அதிகமாக எழுதிப் பழகினேன். அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. இந்த ஐந்தாறு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பேனாவைத் தூக்கி வீசலாமா என்று கோபம் வருகிறது. எழுதியதைத் திரும்பப் படித்தால் சிரிப்பு வருகிறது. நான் எழுதியதை நானே படிக்கிறேன், பாப்பா!

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் எனக்கு எங்கே இருக்கிறது? உன் அண்ணன் பாண்டியன் பேசுவான், அம்மா பேசுவாள், அண்ணி பேசுவாள், பக்கத்து வீட்டு மஹ்பூபி வந்து பேசுவாள். கடைசியில் என் முறை வரும்போது பாண்டியன் என் காதுக்குள், “பாப்பா நல்லா கீதாம், நைனா!” என்று கத்துவான். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் சேதி. காது மெஷினைப் போட்டால் விசில் அடிக்கிறது. முப்பத்து நாலு வருஷம் டேனரியில் தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்ற காது இது. அது விசிலை மட்டும் நன்றாகக் கேட்கிறது.

நீ லண்டன் போய் இன்றைக்குப் பதினாறு நாள். இந்தப் பதினாறு நாளில் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு வழி கிடைக்கவில்லை. இப்போது பேசியே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அண்ணன் போனை டி.வி.யோடு சேர்த்துவிட்டான். உன் முகம் சுவர் அளவுக்கு வந்தது. எல்லோரும் சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீ சத்தத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த சத்துவாச்சாரிப் பெண் சங்கீதாவிடம் திரும்பிப் பேசினாய். சத்தம் வரவில்லை என்று பாண்டியன் ரிமோட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். “நெட்டு கம்மியா கீது” என்றான். நான் மட்டும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு டிரம் ஒன்றாகச் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவன் அலறினாலும் கேட்காது. அந்த டிரம்மில் எவ்வளவு தண்ணீர், இந்தத் தோல் எப்போது இறங்கும், மேஸ்திரி வருகிறான், பீடி இருக்கிறதா, எல்லாவற்றையும் நானும் ரஃபி அகமதும் உதட்டிலும் கையிலும்தான் பேசினோம். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவன். அந்தப் பழக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. உனக்கு இது தெரியும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்ப்பேன் என்று நீ நினைக்கவில்லை.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கிளாஸ்ல வாய் அசையறதுதான் தெரியுது, ஒண்ணும் புரியல. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கிறேன். மூணு நாளா நான் போகவே இல்ல. பதினேழாம் தேதிக்குள்ள பேரை எடுத்துட்டா திரும்பிப் போய்டலாமாம். வீட்ல இன்னான்னு சொல்றது?” அப்புறம் சத்தத்தைப் போட்டு, எங்களைப் பார்த்து, “இங்க எல்லாம் சூப்பர்” என்று சிரித்தாய். அம்மா டி.வி.க்குத் திருஷ்டி கழித்தாள்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்ததுபோல் இருக்கிறது. அதற்கும் மன்னித்துவிடு. யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணனிடம் சொல்லவே இல்லை. தங்கச்சி லண்டனில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்புப் படிக்கிறாள் என்று அவன் ஷூ கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். தெரிந்தால் உடனே போனைப் போட்டுக் கத்துவான். அதில் நீ வாயையே திறக்க மாட்டாய்.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

இன்று தபால் ஆபீசுக்குப் போனேன். உன் முகவரியை அண்ணன் காலண்டரில் எழுதி வைத்திருந்தானே, அதைக் கவரில் பார்த்து எழுதினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல் ஒவ்வொரு கோடாக வரைந்தேன். இரண்டு கவர் வீணானது. கவுண்டரில் இருந்த அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காது கேட்காது என்று நான் சைகை காட்டியதும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டினார்கள். ‘போய்ச் சேரப் பன்னிரண்டு நாள். பதினைந்தும் ஆகலாம்.’ நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆபீசில் எழுதிக் காட்டியதை நானே படித்தேன். படித்தது இப்படி ஒரு சேதி! பதினேழாம் தேதி தாண்டித்தான் கடிதம் வரும். முகவரி வரைந்த கவரோடு திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் வகுப்பில் பிரிசில்லா டீச்சர் என் முகத்தைப் பார்த்து விஷயம் கேட்டது. கடிதம் என்று மட்டும் சொன்னேன். “ஐயா, நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். ஒரு நிமிஷத்துல லண்டன் போய்டும்” என்றது. நல்ல பெண். ஆனால் உன் ரகசியத்தை எப்படி அதன் வாயில் போடுவது? வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். “அப்போ எழுதி முடிக்கிறதுக்குள்ள உங்க பொண்ணு படிச்சு முடிச்சுட்டு வந்துடும்” என்று கிண்டல் செய்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன் என்று நீ சொன்னாயே, அது நான். கல்யாண வீட்டில், டீக்கடையில், சர்ச் தெருவில் யார் என்ன பேசினாலும் நான் சிரிப்பேன். கேள்வி மாதிரித் தெரிந்தால் தலையை ஆட்டிச் சரி என்பேன். ‘இன்னா?’ என்று எத்தனை தடவை கேட்பது? மூன்றாவது தடவை கேட்டால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். அதற்கு ஒரு சரி சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஊரில் எல்லோரிடமும் இப்படித்தான் ஓட்டினேன்.

உன்னிடமும் அப்படிச் செய்துவிட்டேன், பாப்பா.

நீ கிளம்பிய அன்று மத்தியானம். வாந்தி வரும் என்று நீ காரில் முன்னால் உட்கார்ந்தாய். பின்னால் என் பக்கத்தில் அம்மாவும் அண்ணனும் தூங்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும். நீ ரோட்டைப் பார்த்தபடி எதையோ சொல்ல ஆரம்பித்தாய். உன் கன்னம் அசைவது தெரிந்தது. வாய் தெரியவில்லை. வெகு நேரம் பேசினாய். முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தலையை ஆட்டி, “சரிம்மா, சரிம்மா, போய்ட்டு வா” என்றேன். நீ முன்னால் திரும்பிக்கொண்டாய். ஏர்போர்ட் வரைக்கும் அப்புறம் பேசவில்லை. தூக்கம் என்று நினைத்தேன். எதையும் நான் ஒழுங்காக நினைக்கவில்லை.

புதன்கிழமை

கார் ஓட்டிய வசந்த்தைத் தேடி ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் வேலூருக்குச் சவாரி போயிருந்தான். இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன். வந்ததும், என் பெண் அன்றைக்குக் காரில் என்னிடம் என்ன கேட்டாள் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “உங்க பொண்ணு உங்ககிட்ட பேசினத என்கிட்ட வந்து கேட்கிறீங்களே, பெரியவரே” என்றான். மற்ற டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். முன்னால் சொன்னது எதுவும் அவன் ஞாபகத்தில் இல்லையாம். கடைசியில் நீ சொன்னது மட்டும் காதில் விழுந்ததாம். “‘நீங்க சொல்லுங்க நைனா, அதையே செய்றேன்’னு சொல்லிச்சு. நீங்க சரின்னீங்க. கரெக்டா அதான்” என்றான்.

எதற்குச் சரி சொன்னேன்? எனக்குத் தெரியவில்லை. போகட்டுமா என்று கேட்டாயா, இருந்துவிடட்டுமா என்று கேட்டாயா? பயமாக இருக்கிறது என்றாயா? வேறு யாரைப் பற்றியாவது ஏதாவது சொன்னாயா? நடந்து வரும்போது ஒவ்வொரு கேள்வியாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் என் ‘சரிம்மா’ ஒரு மாதிரி பொருந்துகிறது. ஆத்திரமாக வருகிறது. வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாததற்கு அம்மாவைத் திட்டினேன். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. “இன்னா ஆச்சு உனக்கு, மூணு நாளா பேப்பர வச்சிக்கினு பேஜார் பண்ற” என்று அவள் என் பேனாவை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை

ரஃபி அகமது வந்தான். அவன் தூரத்தில் வரும்போதே கையை உயர்த்தி மூடிக் காட்டினான். ‘டிரம்மை நிறுத்து, என்னவோ கோளாறு’ என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். என்ன கோளாறு என்று நான் சொல்லவில்லை. கடிதம் போய்ச் சேர வழியில்லை என்று மட்டும் சொன்னேன்.

உடனே தன் போனை எடுத்தான். அவன் மகன் சவூதியில் இருக்கிறானே, அவனுக்குத் தினமும் பேரப்பிள்ளைகளின் போட்டோ அனுப்புகிறான். “இதையும் போட்டோ புடிச்சி அனுப்பிட்டா முடிஞ்சது. இதுக்கா நாலு நாள் தலைல கைய வச்சிக்கினு உக்காந்திருக்க?” என்றான். நான் தாளை மறைத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். “தோஸ்த், எனக்கு உருதுதான் படிக்கத் தெரியும். உன் தமிழ் எனக்கு எறும்பு ஓடற மாதிரி. என்னையே திட்டி எழுதியிருந்தாலும் நானே நல்லபடியா அனுப்பி வைப்பேன்” என்றான்.

நாற்பது வருஷம் சிநேகிதம். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதற்காக இன்றைக்குத்தான் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன். முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். அவன் கட்டைவிரல் பாதிப் பக்கத்தை மறைத்துவிட்டது. மறுபடி எடுத்தால் என் தலையின் நிழல். இப்போது தாளை வாசல்படி வெளிச்சத்தில் வைத்திருக்கிறான். இந்தப் பக்கம் முடிய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருக்கிறான். அதனால் சீக்கிரம் எழுதுகிறேன். எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

ஜீவா, நீ அங்கே இருக்க வேண்டும் என்றோ திரும்பி வர வேண்டும் என்றோ சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஊர் எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த பெரிய ஊர் சென்னை, அதிலும் பெரியாஸ்பத்திரி மட்டும். நீ வந்தால் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன். அண்ணனின் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கத்தட்டும், எனக்கு என்ன கேட்கவா போகிறது. நீ இருந்தால் இரு. எதைச் செய்தாலும் சரி. ஆனால் அன்றைக்கு நான் தலையாட்டியதற்காக அங்கே இருக்காதே. அது பதில் இல்லை. நீ கேட்டது எனக்கு வந்து சேரவே இல்லை.

அதனால் இதை ஒன்று செய். காரில் கேட்டதை ஒரு தாளில் எழுது. தமிழில், பெரிய எழுத்தாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுது. போட்டோ எடுத்து ரஃபி மாமாவின் போனுக்கே அனுப்பு. வேறு யாரும் படிக்க மாட்டார்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனாலும் உட்கார்ந்து படிப்பேன். புரியாத இடத்தை மறுபடி படிப்பேன். தாள் முகம் சுளிக்காது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறும் தலையோடு போகாதே. சங்கீதாவை நான் கேட்டதாகச் சொல். நீ எங்கே நின்றாலும் அந்த இடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். உன் வாய் பேசியதை ஒருவராவது முழுதாகக் கேட்கட்டும்.

பதினேழுக்கு முன்னால், அடுத்த வாரம் திங்கட்கிழமையே மறுபடி எழுத உட்காருகிறேன். அதற்குள் கேள்வியை அனுப்பிவிடு, பாப்பா. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

உன் நைனா,
ஆதிகேசவன்