போன கிழமைப் பலகை

அண்ணை,

இன்று காலை வேப்பம் பலகை ஒன்றைச் சீவினேன். தூள் மூக்கில் ஏறி நாக்கு வரைக்கும் கைத்தது. அந்தக் கைப்போடு நீங்களும் வந்துவிட்டீர்கள். எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம். மோட்டார்ச் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். உரம் இல்லாமல் என் வாழைக்குலைகள் சீப்புக் குறைந்து ஒடுங்கிப்போயின. முந்தின மாரியில் சரிந்த உங்கள் வளவு வேம்பை அரிந்து காயவைத்து, நீங்கள் கதிரை செய்யத் தொடங்கியதும் அந்த வருசம்தான். அக்காவுக்கு, உங்கள் மனிசிக்கு, முழங்கால் மடங்கவில்லை. உயரமான இருக்கையும் ஊன்றி எழும்பப் பலமான கைப்பிடியும் உள்ள கதிரை வேண்டுமென்றீர்கள்.

நாங்கள் நாலு பேரும் தச்சர் இல்லை. நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். பண்டத்தரிப்பு வாத்தியார் கணக்குப் படிப்பித்தவர். அவர் செய்த மேசை லாச்சி ஒன்றுகூட ஒழுங்காகப் பூட்டுப்படாது. குருநகர்க்காரர் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு முழ நீள வள்ளங்களாகச் செய்துகொண்டிருந்தார். நான் நீர்வேலி முக்காலிக்காரன். சுன்னாகத்தில், மரம் அரிந்து விற்கிற மரக்காலையில் கழிவுத் துண்டு பொறுக்கப்போன இடத்தில் நாலு பேருக்கும் வந்த பழக்கம். ஊரடங்கு நாட்களில் சந்திக்க முடியாமல் போக, வாட்ஸ்அப்பில் குழு வைத்ததும் நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரவர் வேலை எந்த அளவில் நிற்கிறதோ அந்த அளவில் படம் எடுத்துப் போடவேண்டும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பிழை சொல்லவேண்டும். நல்லாயிருக்கு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. "நல்லாயிருக்கு எண்டு சொல்லுறதுக்கு எனக்கு மனிசி இருக்கிறா, நீங்கள் பிழையைச் சொல்லுங்கோ" என்று குருநகர்க்காரர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. உங்களுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, எழுத்துத் தெரியவில்லை, ஆகவே எல்லாரும் குரலில்தான் கதைக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். வாத்தியாருக்கு நீட்டி எழுதத்தான் விருப்பம். உங்களுக்காக அதை விட்டார். எனக்கு அது பெரிய வசதியாகிப்போனது. படத்தைப் பார்ப்பேன், பொத்தானை அழுத்திக் கதைப்பேன். பிழை பிடிப்பதில் என்னை ஒருவரும் வெல்லவில்லை. எழுத்துப் படிக்காதவன் என்றாலும், ஒருதரம் பார்த்த பலகையின் ரேகை எனக்கு மறக்காது.

அந்தக் கெட்டித்தனம்தான் என்னைக் கெடுத்தது.

கதிரைக்கு இடக் கைப்பிடி செய்யப் போகிறேன் என்று ஒரு பலகையைப் படம் போட்டீர்கள். நடுவில் ஒரு கணு, கணுவைச் சுற்றி மூன்று ரேகை, மூன்றாவது ரேகை ஓரத்தில் பிளந்திருந்தது. அடுத்த ஞாயிறு வலக் கைப்பிடிப் பலகை என்று இன்னொரு படம். பக்கத்தில் உளி வைத்திருந்தீர்கள், கொஞ்சம் மரத்தூளும் தூவியிருந்தீர்கள். ஆனால் அதே கணு, அதே பிளவு. தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். "அண்ணை, உது போன கிழமைப் பலகையெல்லே. திருப்பி வைச்சுப் படம் எடுத்தா எங்களுக்குத் தெரியாதே?"

வாத்தியார் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார். நீர்வேலியாரிடம் பிடிபட்டவர் தப்பியதில்லை என்றார் குருநகர்க்காரர். அடுத்த ஞாயிறு உங்கள் படம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் அடித்தால் அக்கா எடுத்து, அவர் படுத்திருக்கிறார் என்றா.

மூன்றாவது ஞாயிறு சைக்கிளில் உடுப்பிட்டிக்கு, உங்கள் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று. பாலத்தடியில் இறங்கி உருட்டினேன்.

நீங்கள் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பரை மேசையில் விரித்து, இரண்டு முழங்கையாலும் அழுத்தியிருந்தீர்கள். கண்ணாடிகூடப் போடவில்லை. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைக்க, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தீர்கள். அப்படியும் சாரத்தில் ஊற்றுப்பட்டது. உங்கள் கை நடுங்குவதை நான் அன்றுதான் கண்டேன்.

பின்பக்கக் கொட்டிலில் அந்தப் பலகை கிடந்தது. அதன் ஓரத்தில் மரம் அரிகிற வாள் தொடங்கித் தொடங்கி வழுக்கிய கீறல்கள், ஏழோ எட்டோ.

"ரெண்டு மாசமா உளி பிடிக்கேலாது ஐசே," என்றீர்கள். "படம் போடாட்டி குழுவிலை எனக்கென்ன வேலை? கிழட்டு மனிசன் சும்மா இருக்கிறான் எண்டு மெல்ல விட்டிடுவியள். அதுதான் திருப்பி வைச்சன்."

மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, பேப்பர் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். கண் மங்கிவிட்டது என்றீர்களே என்றேன். அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஊசியில் நூல் கோத்துத் தருகிறவரே அவர்தான் என்றா அக்கா, உள்ளே போகிற போக்கில்.

நீங்கள் வளவைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னீர்கள்: "மரக்காலையிலை பலகையிலை வெள்ளைச் சோக்காலை அளவு எழுதியிருந்தது. நான் வாசிக்கச் சொன்னன். கண்ணாடி கொண்டரேல்லை எண்டு சொன்னீர். ரேகையை எட்டி நிண்டு சொல்லுற ஆளுக்குக் கண்ணாடி என்னத்துக்கு? அப்பவே விளங்கீற்றுது. அந்தக் கண்ணாடிக் கதையைக் குழுவிலை நான் எனக்கெண்டு வாங்கிக்கொண்டன், அவ்வளவுதான்."

இரண்டு வருசமாக என் குறையை உங்கள் கண்ணில் போட்டு மூடியிருக்கிறீர்கள். வாத்தியாருக்கும் தெரியாது, குருநகர்க்காரருக்கும் தெரியாது. உங்கள் குறையை நான் எல்லாருக்கும் நடுவில் இழுத்து வைத்துச் சிரித்தேன். குழுவில் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். "கை போனதை அவையளுக்குச் சொல்லாதையும். அது எனக்கு வேண்டாம்."

அப்போது நான் உங்கள் முன்னாலேயே போனை எடுத்தேன். பொத்தானை அழுத்திச் சொன்னேன்: "வாத்தியார், குருநகரார், உடுப்பிட்டிக்கு வந்து நேரை பாத்திட்டன். உது ரெண்டும் வேறை வேறை பலகை. என்ரை கண்தான் பிழைச்சுப்போச்சு."

எனக்கென்று இருந்த ஒரே படிப்பு அந்தக் கண்தான், அண்ணை. நீங்கள் சிரித்தீர்கள். குருநகர்க்காரர் உடனே குழுவில் குரல் போட்டார். நீர்வேலியாருக்குக் கண் போய்விட்டது, இனி வாழைக்குலை என்று நினைத்து வெளவாலைப் பிடிப்பார் என்று ஒரு மணித்தியாலம் பகிடி விட்டார்.

பிறகு ஞாயிறு தவறாமல் உடுப்பிட்டிக்கு வந்தேன். நீங்கள் அளவு சொல்ல நான் அரிந்தேன். இரண்டாவது கைப்பிடிக்கு வேறு பலகை எடுத்தோம். என் கை படத்தில் விழாதபடி எடுத்து உங்கள் போனில் போட்டோம். வலக் கைப்பிடி ஒரு விரல் உயரம் என்று வாத்தியார் பிழை பிடித்தார். அவசரத்தில் நான் விட்ட பிழை. நீங்கள் போனை வாயருகே வைத்து, "ஓம் வாத்தியார், என்ரை பிழைதான்" என்றீர்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நிற்கிறது. உயரத்தை அப்படியே விடச் சொன்னா அக்கா. அந்தப் பக்கத்தால் எழும்பத்தான் தனக்குச் சுகம் என்றா.

உங்கள் செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தோம். அக்கா அந்தக் கதிரையில்தான் இருந்தா. குருநகர்க்காரர் பக்கத்தில் குந்தி, கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடைசி மட்டும் மனிசன்ரை கை தளரேல்லை, பாத்தீரே" என்றார். ஓம் என்றேன். வாத்தியாரும் தலையாட்டினார்.

உங்களுக்குப் பிறகு அக்காவும் ஒன்றரை வருசம் அந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தா. வாத்தியார் போன மாரியில் போய்விட்டார். படம் போட இப்போது நாங்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் ஞாயிறு தவறுவதில்லை. போன கிழமை ஒரு வள்ளத்தின் படம் வந்தது. கூடவே குருநகர்க்காரரின் குரல்: நீர்வேலியார், உமக்குத்தான் கண் தெரியாதே, எண்டாலும் பாத்து ஒரு பிழை சொல்லும். முன்மூக்கு இடப்பக்கம் சாய்வு என்று சொன்னேன். அந்தப் பலகைக் கதையைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நான் இன்னும் கண் பிழைத்த ஆள்தான், அண்ணை. அதை நம்பிக்கொண்டு இனி உயிரோடு இருப்பவர் ஒருவர்தான்: குருநகர் அந்தோனிமுத்து.