நடுக்கதவு

டிக்கோயா
18.09.1955

என் தங்கச்சி பெற்றீசியாவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரர் கஸ்பர் தம்பிக்கும் மாதா துணை இருக்கட்டும். திருச்சி வெயில் உனக்குத் தலையிடி கொடுப்பதாக எழுதியிருந்தாய். தண்ணீரை நிறையக் குடி. பூசைக்குப் போகும்போது முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நட. இங்கே நாலைந்து நாளாகத்தான் மழை விட்டிருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. வலது முழங்கால் மட்டும் படி ஏற மறுக்கிறது.

கஸ்பர் தம்பி முதலில் கேட்பது வீட்டைப் பற்றித்தான் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன். வீட்டில் நீங்கள் இருந்த பக்கத்துக்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டது. அட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர், பெயர் யோகராணி. புருஷன் தபால் கந்தோரில் வேலை. நல்ல சனங்கள். வாடகை உன் பெயரில் தபால் கந்தோர்ப் புத்தகத்தில் சேரும். இந்தியாவுக்கு அனுப்ப அனுமதி எடுக்க வேண்டுமாம்; கேட்டு எழுதுகிறேன்.

ஆள் வைக்க இத்தனை மாதம் ஏன் ஆனது என்று தம்பி கேட்டிருந்தார். தை மாதம் உங்களை அட்டன் ஸ்டேசனில் ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு அந்தப் பக்கத்தைப் பூட்டியே வைத்திருந்தேன். பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் கெடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுப்பு எரியாததால் சுவர் காயவில்லை. நீ மாட்டியிருந்த சூசையப்பர் படத்துக்குப் பின்னால் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. படத்தைத் துடைத்து என் பக்கம் கொண்டு வந்தேன்.

அந்தப் பயத்தில் பங்குனியில், கூடுதலாகத் தருகிறேன் என்ற முதல் ஆளுக்கே விட்டுவிட்டேன். நுவரெலியா மார்க்கெட்டில் மரக்கறி வியாபாரம் செய்கிற கந்தப்பன். பெண்சாதி பிள்ளைகள் அடுத்த வாரம் வருவார்கள் என்றான். வந்ததெல்லாம் உருளைக்கிழங்கு மூட்டைதான். அறை நிறைய மூட்டை அடுக்கி, அடியில் இருந்தது அழுகி, பலகைத் தரையும் சேர்ந்து அழுகியது. எழுதி வாங்காததால் எதைக் காட்டி எழும்பச் சொல்வது? சண்டை போட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பான். பங்குச் சாமியாரிடம் சொல்லி அட்டனில் அவனுக்கு ஒரு களஞ்சிய அறை பார்த்துக் கொடுத்த பிறகுதான், ஆடியில் தானாகவே மூட்டைகளை லொறியில் ஏற்றினான்.

அதனால் கஸ்பர் தம்பி அங்கே பாலக்கரையில் வாங்கப் பார்த்திருக்கும் நாலு அறை வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மழை நாளில் ஒரு தடவையும் கோடை நாளில் ஒரு தடவையும் போய்ப் பார்க்கச் சொல். மழையில் கூரை தெரியும், கோடையில் கிணறு தெரியும். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று பக்கத்து வீட்டுப் பொம்பிளைகளிடம் நீ கேள். அவருக்குச் சொல்லமாட்டார்கள், உனக்குச் சொல்வார்கள். உறுதிப் பத்திரத்தில் விற்பவரின் கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். கையில் உள்ளதை முழுவதும் வீட்டிலேயே போட்டுவிடக்கூடாது, ஓடு மாற்றவாவது மிச்சம் வேண்டும்.

ஆள் வைக்கும்போது கூடத் தருகிறவரைப் பார்க்காதே. இப்போது இருக்கும் இடத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார். முற்பணமும் எழுத்தும் இல்லாமல் சாவி கொடுக்காதே. அவர்கள் கேட்பதற்கு முன்பே கூரைத் தண்ணீர் போகும் பீலியைச் சரிசெய்து கொடு, வாடகையும் கேட்காமலே வரும். இதெல்லாம் அந்தக் கிழங்கு மூட்டைகள் எனக்குப் படிப்பித்தது.

டீச்சர் வீட்டைப் பார்க்க வந்தது ஆடிக் கடைசியில். எல்லாம் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் இடையிலிருக்கும் நடுக்கதவை மட்டும் காட்டி, அதைக் கல் வைத்து அடைத்துத் தர முடியுமா என்று கேட்டா. புருஷனுக்குச் சில கிழமை இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும், சத்தம் கேட்கும் என்றா. நியாயமான கேள்விதான். நான் முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரியும். உன் அத்தான் லொறி விபத்தில் போன பிறகு தேயிலைத் தோட்டத்தில் கொடுத்த பணத்தையும் கஸ்பர் தம்பியின் பேக்கரிச் சம்பளத்தில் மிஞ்சியதையும் போட்டு இதை வாங்கியபோது, மூன்று பேரும் ஒரு பக்கம் இருந்து மறுபக்கத்தை ஆஸ்பத்திரி ஆட்களுக்கு விடுவதாகத்தான் பேச்சு. சொந்தமாக ஓர் அடுப்படி வேண்டும் என்று நீதான் அந்தப் பக்கம் போனாய். போன அன்று இரவே நடுவில் கதவு வைக்கச் சொல்லி கஸ்பர் தம்பியைத் தூங்கவிடவில்லை. அந்தக் கதவை நாம் ஒரு நாளும் தாழ் போட்டதில்லை. எனக்குப் பிரஜாவுரிமை தந்தார்கள். கஸ்பர் தம்பி, தகப்பன் படுக்கையில் கிடந்தபோது இந்தியாவுக்குப் போய் இருந்ததைக் காட்டி அவருக்கு இல்லை என்றார்கள். அந்தக் கடுதாசி வந்த அன்றும் நீ அந்தக் கதவால்தான் என்னிடம் ஓடி வந்தாய்.

போன மாதம் உன் கடிதம் கிடைத்தது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தாயிற்று, இலங்கைக்கு வர இனி விசா கேட்க வேண்டும், கேட்டாலும் கொடுப்பார்களோ தெரியாது என்று எழுதியிருந்தாய். அதை மடித்து வைத்துவிட்டு அட்டனுக்குப் போய் டீச்சரிடம், வந்து இருங்கள் என்று சொன்னேன்.

கினிகத்தேனையிலிருந்து சிங்கள மேசன் பாஸ் வந்தார். கதவைக் கழற்றி என் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பு உயரத்துக்குக் கல் கட்டிவிட்டார். அந்த இடைவெளியால் உன் அடுப்படி தெரிந்துகொண்டிருந்தது. நான் வேலை ஒன்றும் செய்யாமல் நின்றிருக்கிறேன். டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டா.

“அக்கா, மனமில்லையெண்டால் விடுங்கோ. கதவைத் திரும்பப் போட்டுப் பூட்டி, முன்னாலை அலுமாரியை வைக்கிறம்” என்றா.

“கட்டிருங்க டீச்சர். அதால வர்றதுக்கு இனி யாரும் இல்ல” என்று சொன்னேன்.

பாஸுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனாலும் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய்ச் சுருட்டுக் குடித்துவிட்டுத்தான் வந்தார். பொழுது சாயும் முன்பே சுவர் முடிந்துவிட்டது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கதவை விற்கவில்லை, நல்ல முதிரை மரம்.

இதை உனக்குச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். இங்குள்ள வீட்டை நினைக்கும்போது நீ அந்தக் கதவைத் திறந்தே நினைப்பாய். பொய்யாக நினைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கோபப்படாதே.

அந்த நாலு அறை வீடு சரிவந்தால் வாங்குங்கள். ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் அதில் நோய்நொடி இல்லாமல் வைத்திருப்பார். நாலையும் வாடகைக்கு விட்டால்தான் கட்டுப்படியாகும் என்று கஸ்பர் தம்பி சொல்வார். அவர் சொல்வது சரி, கேட்டால் நானும் அதையே சொல்வேன். ஆனாலும் ஓர் அறையை மட்டும் விடாதே, தங்கச்சி. இருக்கிறதில் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பாஸ்போட் கிடைக்குமா, இந்தக் காலோடு கப்பல் ஏற முடியுமா, ஒன்றும் தெரியாது. யாராவது வந்து கேட்டால், அதற்கு ஆள் பேசியாயிற்று என்று சொல்லிவிடு.

உன் அக்கா,
மார்கிரட்