நாற்பதைத் தாண்டாத வண்டி

எம்.புதுப்பட்டி
6.9.2009, ஞாயிறு

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், ஆனைக்குட்டத்தில் உன் தங்கச்சி செல்வலட்சுமியும் மாப்பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். எப்போதும் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அது எந்நேரமும் உன் அப்பாவின் சட்டைப் பையில் கிடக்கிறது, நான் சொல்லப் போவதோ அவர் காதில் விழக் கூடாத விஷயம். அவர் நம் லாரியில் மதுரைக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். வண்டி இப்போது போகிற லட்சணத்துக்கு நான் இதை எழுதி முடித்து, சோறு வடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் வந்து சேர மாட்டார். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன்னால் தங்கச்சி சேதி. அவளுக்கு ஏழாம் மாதம், ஆவணிக்குள் வளைகாப்பு வைத்துவிடுவோம் என்று பேசியிருக்கிறோம். அடுப்புச் சாம்பலை யாருக்கும் தெரியாமல் அள்ளித் தின்கிறாள் என்று அவள் மாமியார் என்னிடம் புகார் சொல்கிறாள், என்னமோ நான்தான் சாம்பலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியது மாதிரி. நீ போன் பேசும்போது இதைக் கேட்டு அவளை அழ வைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இருக்கிற பெரிய கவலை எது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா ஏற்றுவது வெடி லோடு, ஓட்டுவது ரேஸ் ஓட்டம். அதிலும் இந்த நாலு வழிச்சாலை போட்ட பிறகு கேட்கவே வேண்டாம், ரோட்டைத் தனக்கென்றே போட்டுக் கொடுத்த மாதிரி போகிறார். வைகாசியில் கள்ளிக்குடி பக்கம் ஒரு டிராக்டர் எதிர்த் திசையில் வந்திருக்கிறது, இவர் பிரேக் போட்ட வேகத்தில் பெட்டியெல்லாம் கேபினில் வந்து இடித்ததாம். அதை வீட்டுக்கு வந்து பெரிய சாகசம் மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. அதிலிருந்து அவர் லோடு ஏற்றிப் போகிற நாளெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது, தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். 'பயந்துக்கிட்டே ஓட்டுனா வண்டி ஓடுமாத்தா' என்று சிரிப்பார். அவ்வளவுதான்.

ஆடி கடைசியில் சீசன் சூடு பிடித்த நேரம், நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியிலேயே அவருக்கு லோடு. பெட்டியெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி முடித்தாயிற்று. இவர் ஏறிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு மட்டும் கண்ணடிக்கிறது. உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குதித்தார். சூப்பர்வைசர் அய்யாதுரை வேட்டி அவிழ ஓடி வந்து, 'அண்ணாச்சி, இரும்ப உள்ள வைங்க, எங்க அம்புட்டு பேரையும் ஒரேயடியா அனுப்பிராதீக' என்று கையைப் பிடித்துக்கொண்டான். உனக்குத்தான் தெரியுமே, அங்கே இரும்புச் சாமான் எதையும் எடுக்கக் கூடாது, வெடிமருந்து கிடக்கிற இடம், ஒரு பொறி போதும். சரி, கேட்டுக்கு வெளியே இழுத்துப் போய்ப் பார்க்கலாம் என்றால், இழுக்க வந்த டிராக்டரின் புகைக்குழாயில் பொறி தெறிக்காமல் இருக்கச் சல்லடை மாட்டவில்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பின்னால் வேறு லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. கடைசியில் பேக்கிங் செட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் ஏற்றின பெட்டியை மறுபடி இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினோம். நானும் தள்ளினேன். உன் அப்பா மகாராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, 'நல்லாத் தள்ளுங்கத்தா, காலையில சாப்பிடலையா' என்று தலையை நீட்டிக் கேட்கிறார். பக்கத்தில் தள்ளிய பாண்டிமீனா, 'மதினி, அண்ணன் இறங்கி நின்னாலே பாதி பாரம் கொறையுமே' என்றாள். சிரித்த சிரிப்பில் எங்களுக்குக் கை ஓய்ந்து வண்டி பின்னால் உருண்டுவிட்டது.

அந்தப் பாண்டிமீனாவின் வீட்டுக்காரன்தான் மெக்கானிக் சுடலை, விருதுநகரில் செட் போட்டிருக்கிறான். அவனைக் கூப்பிடச் சொன்னால் உன் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். கேட்டுக்கு வெளியே வைத்து முதலில் தானே வைத்தியம் பார்த்தார். டீசல் பில்டரை மாற்றினார், பேட்டரி மாற்றினார், எர்த் வயரைச் சுரண்டினார், முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும்கூட மாற்றினார். வண்டி அசையவில்லை. அப்புறம் சுடலை வந்து கட்டி இழுத்துப் போய் சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியைக் கழற்றினான். ஈசிஎம் என்றான். நீ அங்கே வண்டி ஒர்க்‌ஷாப்பில் தினமும் பார்க்கிற சாமான், எனக்கு அது பெட்டிதான். இந்தப் பெட்டிதான் வண்டிக்கு மூளையாம், இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று சொல்லுமாம், இது சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காதாம். 'வண்டிக்கு எதுக்குலே மூளை, ஓட்டுதவனுக்கு இருந்தா பத்தாதா' என்று உன் அப்பா எகிறினாராம். திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு பூத்துப் போயிருக்கிறது. கேபின் கூரை ஒழுகுகிறதென்று போன ஐப்பசியில் இந்தப் பெட்டிக்குப் பாலித்தீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டினவர் யார்? வேறு யார். வயர் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பையிலேயே நின்றிருக்கிறது. 'நான் கட்டலேன்னா இதுக்கு முந்தியே போயிருக்கும்லே' என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாராம்.

புதுப் பெட்டி கேட்டால் வடக்கே இருந்து வர வேண்டும், தீபாவளி கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சீசனில் வண்டி நின்றால் அந்த லோடெல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும், அடுத்த வருஷமும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். சுடலை அலைந்து திரிந்து பழைய சாமான் கடையில் அதே நம்பர் போட்ட பெட்டி ஒன்றைப் பிடித்து வந்தான். மாட்டப் போகிற நேரத்தில் உன் அப்பா சந்தனம் குங்குமத்தோடு போய் நின்றிருக்கிறார். புதுச் சாமான் வண்டிக்கு வந்தால் பொட்டு வைக்காமல் மாட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டா? பெட்டியின் மேலே வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள், வயர் சொருகுகிற பின் அத்தனைக்கும் ஒன்றுவிடாமல் குழைத்து வைத்துவிட்டார். சுடலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டானாம். பிறகு பாண்டிமீனாவின் பல் விளக்குகிற பிரஷ்ஷை வாங்கிவந்து ஒவ்வொரு பின்னாகத் தேய்த்துச் சுத்தம் பண்ணினான். அவள் இன்னமும் என்னிடம் புது பிரஷ் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்படியெல்லாம் பாடுபட்டு மாட்டிச் சாவியைத் திருப்பினால் சட்டென்று பிடித்துக்கொண்டது. பூசணிக்காய் உடைத்து, சுடலைக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து, மீசையை முறுக்கிக்கொண்டு மதுரை ரோட்டில் ஏறியிருக்கிறார். வண்டி நன்றாகப் போகிறது, இருபது, முப்பது, நாற்பது. நாற்பதோடு சரி. காலை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் மீட்டர் முள் நகர மாட்டேன் என்கிறது. வாழைத்தார் கட்டிய டிவிஎஸ் பிப்டி ஒன்று பொறுமையாக இவரை முந்திப் போனதாம், முந்தும்போது அந்த ஆள் திரும்பிப் பார்த்து, 'வண்டிக்கு மேலுக்கு முடியலையா அண்ணாச்சி' என்று காய்ச்சல்காரனை விசாரிப்பது மாதிரி விசாரித்தானாம். அதை மட்டும் இன்றுவரை அவரால் தாங்க முடியவில்லை. டீசலில் கலப்படம் என்றார், யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்றார். சுடலை போய்ப் பழைய சாமான் கடையில் விசாரித்தால் அது ஏதோ ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்து கழற்றிய பெட்டியாம். பிள்ளைகள் போகிற வண்டி என்று நாற்பதுக்கு மேல் போகாமல் பூட்டு வைத்திருந்தார்களாம், அந்தப் பூட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம்.

முனியராஜ், இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன். பெற்ற பிள்ளையும் கட்டின பெண்டாட்டியும் கத்திக் கத்திக் கேட்காத மனுஷனை ஒரு தகரப் பெட்டி அடக்கி வைத்திருக்கிறது. முன்னால் பொழுதோடு போய்ப் பொழுதோடு வருகிறவர் இப்போது தாமதமாக வருகிறார், ஆனால் வருகிறார். நான் படுத்தால் தூங்குகிறேன். செல்வலட்சுமியைக்கூட அன்றைக்கு அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு ஆட்டம் இல்லாமல் தூங்கிக்கொண்டே போனாள். இப்போது நான் கேட்பது இதுதான். அந்தப் பூட்டை லேப்டாப்பும் ஒரு வயரும் இருந்தால் எடுத்துவிடலாம் என்று சுடலை சொல்லிவிட்டான், உன் அப்பாவுக்கு உடனே நீதான் ஞாபகம் வந்தாய். பொங்கலுக்கு லீவில் வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி உனக்குப் போன் போடப் போகிறார். நீ அந்த மாடலுக்கு முடியாது, பெட்டி கெட்டுப்போகும், என்னத்தையாவது சொல்லி மறுத்துவிடு. அப்பாவிடம் பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நினைக்காதே, அந்தப் பாவம் என்னோடு போகட்டும். இடையில் சோறும் வடித்து ஒரு தூக்கமும் போட்டாயிற்று, இப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்கிறது, இத்தோடு மடித்து அரிசிப் பானைக்குள் வைக்கிறேன்.

8.9.2009, செவ்வாய்

தபாலில் போடுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு கம்பெனியில் பாண்டிமீனா என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய், சொல்லக் கூடாதென்று அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு என்று சொல்லிவிட்டே சொன்னாள். போன வாரம் மதுரையில் இருந்து ஒரு ஆள் லேப்டாப்போடு வேறு வண்டி பார்க்க சுடலை செட்டுக்கு வந்திருக்கிறான். சுடலை உன் அப்பாவையும் வரச்சொல்லி, வயரையும் சொருகியாயிற்று, ஒரு பட்டனைத் தட்டினால் பூட்டு போய்விடும் என்கிற நிலையில் உன் அப்பா அந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். பிறகு, 'வேண்டாம்லே, வயரக் கழட்டிரு. எங்க வீட்டுல அவ இப்பந்தான் தூங்குதா' என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம். சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலமும் வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பெட்டியைத் திட்டினார், மாட்டு வண்டிகூட முந்துகிறதென்றார், மகன் வரட்டும் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவான் என்று சவால் விட்டார். நான் பாவி, அதை நம்பித்தான் உனக்கு இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் சோற்றுக்கு உட்கார்ந்து திட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தேன். என்ன விசேஷம் என்றார், மிச்சம் இருந்தது என்றேன். அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை மிளகாய் நெடி என்று நினைத்திருப்பார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு வேலை பார்க்காதே, தங்கச்சி வளைகாப்பு அன்றைக்கு மறக்காமல் பேசு. நம் குலதெய்வம் உனக்கு முன்னும் பின்னும் நடந்து காக்கட்டும். அப்பா கட்டாயம் போன் போடுவார், அதுவும் நான் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போடுவார். முடியவே முடியாது என்று நீ கொஞ்சம் சத்தமாகவே சொல். எனக்குக் கேட்டுவிட்டதா என்று அவர் திரும்பிப் பார்ப்பார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீ.வள்ளித்தாய்