நான் ஒட்டிய பதில்

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று அடித்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன். அந்த வாசனை வந்தால் நீ வருகிறாய் என்று நினைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

மந்தாரக்குப்பம் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவதும் மருந்து கலப்பதும் உன் வேலை. கான்ட்ராக்ட். நான் அதே தண்ணீர் ஆபீசில் பெர்மனென்ட் கிளார்க். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு என் மேஜைக்கு வருவாய். புடவையெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். "நிலக்கரி மைன்ஸ் ஷிப்டுக்குப் போறவங்க கறுப்பா வராங்க, நான் வெள்ளையா வரேங்க்கா" என்பாய்.

ஆபீசுக்கும் சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் சொன்னபோது அது என் தலையில் விழுந்தது. தண்ணீர் வரும் நேரத்தைப் போட்டால் கீழே வசவும் வதந்தியுமாக வந்து குவியும். ஒரு புகாரும் பதில் இல்லாமல் நிற்கக்கூடாது என்று உத்தரவு வேறு. அதனால் ஒரே வரியை எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றின் கீழும் ஒட்டுவேன்: "தங்கள் புகார் பெறப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." ஒருநாள் நீ எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, படிக்காமயே போட்டுகினு இருக்க? எவனாவது கல்யாணப் பத்திரிகை போட்டாலும் நடவடிக்கை எடுப்பியா?" என்று கேட்டாய். சோறு புரையேறச் சிரித்தோம்.

அந்தக் கோடையில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தொட்டி மேல் நீ வெள்ளைத் தூள் வாளியோடு நிற்பதை எவனோ படம் எடுத்து, "தண்ணியில விஷம் கலக்குறா" என்று எழுதி நம் பக்கத்தில் போட்டான். அன்று புகார்கள் வரிசையாக வந்திருந்தன. நான் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போனேன். அதன் கீழும் ஒட்டினேன்.

உன் படம், அதன் கீழே ஆபீஸ் முத்திரையோடு என் வரி. அதை அப்படியே எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிற அரசியல்வாதி ஒருவரும் விசாரிக்காமல் தன் பக்கத்தில் பகிர்ந்தார். "ஆபீசே நடவடிக்கைன்னு சொல்லிடுச்சி, அப்புறம் இன்னா?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பதறி அழித்தேன். அதற்குள் அது கையை விட்டுப் போயிருந்தது. வலைதளத்துக்குப் புகார் எழுதினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று நொடியில் பதில் வந்தது. அதையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

உனக்கு போன் செய்து, தொட்டிப் பக்கம் போகாதே என்று கெஞ்சினேன். "நம்ம ஜனங்கதானேக்கா. எதிர்ல குடிச்சிக் காட்டினா நம்பிடுவாங்க" என்றாய்.

தொட்டியடியில் கூடியிருந்தவர்கள் எதிரில் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துக் காட்டினாயாம். அப்போதுதான் முதல் கல் விழுந்ததாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

ஆபீஸ் அதே பக்கத்தில் இரங்கல் போட்டது. அந்த அரசியல்வாதியும் தன் பக்கத்தில் போட்டார். அவற்றின் கீழும் சிரிக்கிற பொம்மைகளைக் குத்திவிட்டுப் போனார்கள்.

அந்தத் தளத்தை விட்டு ஆபீஸ் வெளியேற வேண்டும் என்று மனு எழுதினேன். "ஜனங்க எல்லாம் அங்கதாம்மா இருக்காங்க, நாம மட்டும் எப்படி வெளிய வர்றது?" என்றார் அதிகாரி. உன்னை அடித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். நாம் அங்கே கடை விரித்திருந்ததால்தான் ஒரு பொய்க்கு முத்திரை கிடைத்தது. தண்ணீர் நேரத்தைத் தொட்டியடியில் ஒரு பலகையில் எழுதினால் போதாதா? பலகையில் எவனும் ஒளிந்துகொண்டு கல்லெறிய முடியாது. இதையெல்லாம் சொன்னேன். மனு ஃபைலில் இருக்கிறது. பக்கமும் இருக்கிறது, இப்போது வேறொருவர் பார்க்கிறார். அவரும் ஒட்டுகிறார்.

அந்த மனுவில் ஆபீசைக் குற்றம் சொன்னேன், தளத்தைச் சொன்னேன், அரசியல்வாதியைக்கூடச் சொன்னேன். ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

மாதம் ஒருமுறை உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். காப்பி போட்டுக் கொடுப்பார். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, போன முறை கேட்டதையே கேட்பார்: "ஏம்மா, நடவடிக்கை எடுப்போம்னு எழுதினது யாரும்மா? ஒனக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்தாம்மா" என்கிறேன்.